ஆப்பிள் சைடர்: நாக்கு தரும் மதிப்பெண்ணும் டின் சொல்லும் கணக்கும்

ஈப்போ வட்டாரத்தில் திருமண விருந்து, பிறந்தநாள் விருந்து என்று எங்கே போனாலும் ஐஸ் நிரப்பிய பெட்டியில் பீர் டின்களுக்கு நடுவே ஆப்பிள் படம் போட்ட டின்களும் கிடப்பதைக் காணலாம். பீர் வேண்டாம் என்று சொல்பவர்களிடம் அந்த டின் நீட்டப்படும். "இதக் குடிச்சுப் பாருங்க அண்ணி, ஆப்பிள் ஜூஸ் மாதிரிதான் இருக்கும், ஒன்னும் செய்யாது" என்ற உபசரிப்பும் கூடவே வரும்.

இந்தப் பேச்சில் பாதி உண்மை. சுவை ஆப்பிள் ஜூஸை ஒத்திருப்பது மெய். ஒன்றும் செய்யாது என்பது மெய்யல்ல. ஆலையில் தயாராகும் ஆப்பிள் சைடரை எப்படிச் சுவைத்து மதிப்பிடுவது, அந்த மதிப்பீட்டில் நாக்கை எதுவரை நம்பலாம் என்பதைத் தெரிந்து வைத்திருப்பது குடிப்பவருக்கும், குடிப்பவர் இருக்கும் வீட்டுக்கும் பயன்படும்.

சைடர் என்றால் என்ன?

ஆப்பிள் சாற்றை நொதிக்க வைத்து எடுக்கும் மதுபானமே சைடர். திராட்சைச் சாறு நொதித்தால் வைன், பார்லி நொதித்தால் பீர், தென்னம்பாளையின் சாறு நொதித்தால் கள். மூலப்பொருள்தான் வேறு, நடக்கும் வேலை ஒன்றே. ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் சர்க்கரையைத் தின்று, அதை ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகிறது.

இங்கிலாந்தின் மேற்குப் பகுதியிலும் பிரான்சின் நார்மண்டியிலும் சைடர் பழங்காலத்திலிருந்தே கிராமத்துப் பானம். அதற்கென்று வளர்க்கப்படும் ஆப்பிள் வகைகள், கடித்துத் தின்ன முடியாத அளவுக்குத் துவர்ப்பும் கசப்பும் கொண்டவை. அந்தத் துவர்ப்புதான் நல்ல சைடருக்கு முதுகெலும்பு.

மலேசியாவில் பரவலாகக் கிடைக்கும் சைடர்களில் கார்ல்ஸ்பெர்க் நிறுவனத்தின் சோமர்ஸ்பியும் ஹைனெக்கன் மலேசியாவின் ஆப்பிள் ஃபாக்ஸும் முக்கியமானவை. சோமர்ஸ்பி 2008ஆம் ஆண்டில் டென்மார்க்கில் அறிமுகமானது. இரண்டின் ஆப்பிள் சைடரிலும் ஆல்கஹால் அளவு 4.5 விழுக்காடு. சாதாரண பீரின் அளவும் ஏறக்குறைய இதுவேதான்.

ஆலையில் நடப்பது என்ன?

ஆலைத் தயாரிப்பில் புதிதாகப் பிழிந்த சாற்றைவிட, நீர் வற்றவைத்துக் கெட்டியாக்கிய ஆப்பிள் சாறே பெரும்பாலும் பயன்படுகிறது. அது கெடாது, கப்பலில் ஏற்றலாம், ஆண்டு முழுவதும் கிடைக்கும். அதில் நீர் சேர்த்து, பல ஆலைகளில் குளுக்கோஸ் பாகும் கலந்து, ஈஸ்ட் இட்டு நொதிக்க விடுகிறார்கள்.

ஈஸ்ட்டுக்கு இடம் கொடுத்தால் அது சர்க்கரையை ஏறக்குறைய முழுவதுமாகத் தின்றுவிடும். முழுக்க நொதித்த சைடரில் இனிப்பே இருக்காது. புளிப்பும் துவர்ப்பும்தான் மிஞ்சும். டின்னில் வரும் சைடர் இனிக்கிறது என்றால், பெரும்பாலும் நொதித்து முடிந்த பிறகு அதில் இனிப்பு திரும்பச் சேர்க்கப்பட்டிருக்கிறது என்று பொருள்.

நொதித்த திரவத்தை நீர் விட்டு வேண்டிய வீரியத்துக்குக் கொண்டு வருவது, சர்க்கரையோ சாறோ கலப்பது, புளிப்புக்காக மாலிக் அல்லது சிட்ரிக் அமிலம் சேர்ப்பது, வாசனையும் நிறமும் சரிசெய்வது, வாயு ஏற்றுவது, கடைசியில் சூடுபடுத்தியோ பதப்பொருள் இட்டோ ஈஸ்ட் மறுபடி வேலை செய்யாமல் தடுப்பது ஆகியவை வழக்கமான படிகள். டின்னின் பின்பக்கத்தில் உள்ள பொருள் பட்டியலைப் படித்தால் இவற்றில் எவை சேர்ந்துள்ளன என்பது தெரியும்.

எவ்வளவு ஆப்பிள் இருந்தால் அது சைடர் என்பதும் நாட்டுக்கு நாடு மாறும். பிரிட்டனின் வரிச் சட்டப்படி குறைந்தது 35 விழுக்காடு ஆப்பிள் சாறு இருந்தால் போதும். அமெரிக்காவில் 50 விழுக்காட்டுக்கும் மேல் இருந்தால்தான் அங்குள்ள சைடர் வரிச் சலுகை கிடைக்கும்.

ஆலைத் தயாரிப்பின் நல்ல பக்கத்தையும் சொல்ல வேண்டும். ஈப்போவில் திறக்கும் டின்னும் தெலுக் இந்தானில் திறக்கும் டின்னும் ஒரே சுவையில் இருக்கும். சுத்தம் உண்டு. ஆல்கஹால் அளவு அச்சிடப்பட்டிருக்கும். கள்ளுக்கடையில் இந்த உறுதிகள் கிடைத்ததில்லை.

கள் பழக்கிய நாக்கு

பேராக் தோட்டங்களில் வாழ்ந்த மூத்த தலைமுறைக்குச் சுவைத்து மதிப்பிடுவது புதிய கலையல்ல. காலையில் இறக்கிய கள்ளுக்கும் மாலைக் கள்ளுக்கும் உள்ள வேறுபாட்டை ஒரு மிடறிலேயே சொல்லக்கூடியவர்கள் ஒவ்வொரு தோட்டத்திலும் இருந்தார்கள். நுரை எப்படி நிற்கிறது, புளிப்பு எவ்வளவு ஏறியிருக்கிறது, தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்த்தே குடித்தார்கள்.

அவர்களுடைய நாக்கு சரியாக வேலை செய்ததற்கு ஒரு காரணம் உண்டு. பாளையிலிருந்து இறங்கும் சாறு முதலில் நல்ல இனிப்பு. காற்றில் உள்ள ஈஸ்ட் சில மணி நேரத்திலேயே அதை நொதிக்க வைக்கும். நேரம் ஆக ஆக இனிப்பு குறையும், ஆல்கஹால் ஏறும், புளிப்பும் கூடும். மேலும் விட்டுவிட்டால் காடியாகிவிடும். ஆகவே கள்ளில் இனிப்பு இருந்தால் வீரியம் குறைவு, இனிப்பு போய்ப் புளித்திருந்தால் வீரியம் அதிகம். நாக்கே அங்கே அளவுகோல்.

இந்தப் பழைய கணக்குத்தான் இன்று சைடர் டின்னிடம் ஏமாந்து போகிறது. 'இனிப்பாக இருக்கிறது, அதனால் லேசானது' என்று நாக்கு சொல்கிறது. டின்னிலோ ஆல்கஹால் முழுதாக உருவான பிறகுதான் இனிப்பு சேர்க்கப்பட்டது. இனிப்புக்கும் வீரியத்துக்கும் இடையே கள்ளில் இருந்த தொடர்பு இங்கே அறுந்துவிட்டது.

பால் கொட்டகையில் நடந்ததை நினைத்துப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். வாளியில் உள்ள ரப்பர் பாலைக் கண்ணால் பார்த்தால் எல்லாம் வெள்ளைதான். தண்ணீர் கலந்ததும் வெள்ளை, கெட்டிப் பாலும் வெள்ளை. அதனால்தான் கிராணி மெட்ரோலாக் என்ற மிதக்கும் கருவியைப் பாலில் விட்டு, அதில் எவ்வளவு ரப்பர் இருக்கிறது என்று பார்ப்பார். கண் சொல்வதை வைத்துக் கணக்கு எழுத முடியாது.

சைடர் தயாரிப்பவரும் அதே தத்துவத்தில் இயங்கும் மிதவைக் கருவி ஒன்றைப் பயன்படுத்துகிறார். சர்க்கரை கரைந்த சாறு தண்ணீரைவிடக் கனமானது. தண்ணீரின் அடர்த்தி 1.000 என்றால் நொதிக்காத ஆப்பிள் சாறு ஏறக்குறைய 1.050 காட்டும். அது நொதித்து 1.000க்கு இறங்கினால், சுமார் 6.5 விழுக்காடு ஆல்கஹால் உருவாகிவிட்டது என்று கணக்கிடலாம். தயாரிப்பாளர் நாக்கை மட்டும் நம்புவதில்லை. குடிப்பவரும் நம்ப வேண்டியதில்லை.

சுவைத்துப் பார்க்கும் முறை

ஒரு சைடர் நல்லதா என்று அறிய ஒரு டின் முழுவதையும் குடிக்கத் தேவையில்லை. நான்கைந்து சிறு மிடறுகள் போதும். தொழில்முறையாகச் சுவைப்பவர்கள் பெரும்பாலும் வாயில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பிவிடுவார்கள்.

முதலில் குளிர்ச்சி. ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்தவுடன் குடித்தால் நாக்கு மரத்துப் போய் இனிப்பும் வாசனையும் முழுதாகத் தெரியாது. விளம்பரங்கள் ஐஸ் போட்டுக் குடிக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம் என்று எடுத்துக்கொள்ளலாம். வெளியே எடுத்துப் பத்து நிமிடம் வைத்துவிட்டு, ஐஸ் போடாமல், நிறமில்லாத கண்ணாடிக் குவளையில் ஊற்ற வேண்டும்.

இரண்டாவது, கண். நிறம் வைக்கோல் மஞ்சளா, தேன் நிறமா? தெளிவாக இருக்கிறதா? குமிழ்கள் சிறியவையா, பெரியவையா? நிறத்துக்கு அதிக மதிப்பெண் தர வேண்டாம். அது சேர்க்கப்பட்டதாகவும் இருக்கலாம்.

மூன்றாவது, மூக்கு. நறுக்கிய ஆப்பிளின் மணம், ஆப்பிள் தோலின் மணம், வேகவைத்த பழத்தின் மணம், ஆப்பிள் மிட்டாயின் மணம் ஆகிய நான்கும் வெவ்வேறு. மிட்டாய் மணம் மட்டும் தூக்கலாக இருந்தால் அது வாசனைப் பொருளின் வேலையாக இருக்கலாம். காடி வாசனையோ எரிந்த தீக்குச்சி வாசனையோ வந்தால் குறை.

நான்காவது, நாக்கு. இனிப்பை முதலில் கவனிப்பது எல்லாருக்கும் இயல்பு. அதைத் தாண்டி இரண்டு விஷயங்களைத் தேட வேண்டும். ஒன்று புளிப்பு: மாங்காய் கடித்தால் வாயூறுவது போன்ற ஒரு கூர்மை இருக்கிறதா? மற்றொன்று துவர்ப்பு: நாவல்பழம் தின்ற பிறகோ கடுந்தேநீர் குடித்த பிறகோ நாக்கு லேசாக இழுத்துப் பிடிப்பது போன்ற உணர்வு இருக்கிறதா? இந்த இரண்டும் இனிப்பைத் தாங்கிப் பிடித்தால் நல்ல சைடர். இல்லையென்றால் அது வாயு ஏற்றிய இனிப்புத் தண்ணீர்.

ஐந்தாவது, விழுங்கிய பின் நிற்கும் சுவை. பழத்தின் சுவை சில விநாடிகள் நிற்கிறதா, அல்லது உதட்டில் பிசுபிசுப்பு மட்டும் மிஞ்சுகிறதா?

கடைசியாக, மிச்சத்தைக் கால் மணி நேரம் அப்படியே வைத்துவிட்டு மறுபடி சுவைக்க வேண்டும். குளிர்ச்சியும் வாயுவும் குறைந்த பிறகும் குடிக்கத் தகுந்ததாக இருந்தால் அது சரக்குள்ள சைடர். ஆலைச் சைடர்கள் பல இந்த இடத்தில்தான் தடுமாறும்.

ஆட்டுக்கறிப் பிரட்டலோ புந்தோங் கச்சான் பூத்தேயோ தின்றுகொண்டே மதிப்பிடக் கூடாது. காரமும் உப்பும் நாக்கை ஆக்கிரமித்துவிடும். இரண்டு சைடர்களை ஒப்பிடும்போது இடையில் வெறும் ரொட்டியும் தண்ணீரும் போதும்.

பெயரைப் பார்த்து மதிப்பெண் தருகிறோமா என்று சோதிக்கவும் ஒரு வழி உண்டு. ஒரே மாதிரியான மூன்று குவளைகள். இரண்டில் ஒரே சைடர், மூன்றாவதில் வேறொன்று. எது வேறு என்று சுவைப்பவர் சொல்ல வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு ஊகித்தாலே மூன்றில் ஒரு முறை சரியாக வரும் என்பதால், ஒரு தடவை சரியாகச் சொன்னதை வைத்து முடிவு கட்டக் கூடாது. உணவு ஆலைகளின் சுவைக் கூடங்களில் நெடுங்காலமாகப் பயன்படும் சோதனை இது.

இருபதுக்கு எத்தனை?

மதிப்பெண்ணை இப்படிப் பிரிக்கலாம்: தோற்றத்துக்கு 2, மணத்துக்கு 5, இனிப்பும் புளிப்பும் பொருந்தி வருவதற்கு 5, துவர்ப்புக்கும் அடர்த்திக்கும் 4, கடைசியில் நிற்கும் சுவைக்கு 4. மொத்தம் 20.

இந்த அளவுகோலில் இனிப்பு வகை ஆலைச் சைடர் ஒன்று பெறக்கூடியது என்ன? தெளிவாகவும் பளபளப்பாகவும் இருப்பதால் தோற்றத்துக்கு 2. மணம் இனிமையானது, ஆனால் ஒரே மணம், 3. புளிப்பு இருந்தாலும் இனிப்பு அதை மூடிவிடுவதால் 3. துவர்ப்பு மிகக் குறைவு என்பதால் 1. கடைசிச் சுவை சீக்கிரம் போய்விடும். 1 அல்லது 2. ஆக 10 அல்லது 11. குறை சொல்ல முடியாத, அதேசமயம் நினைவில் நிற்காத பானம். வெயில் நேரத்தில் பலருக்குப் பிடிப்பதிலும் வியப்பில்லை.

டின் சொல்லும் கணக்கு

நாக்கு தந்த இந்த மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் இன்னொரு பத்தி எழுதப்பட வேண்டும். அதை எழுத டின்னைத் திருப்பிப் பார்க்க வேண்டும்.

320 மில்லி டின்னில் 4.5 விழுக்காடு என்றால், அதில் உள்ள தூய ஆல்கஹால் 14.4 மில்லி. எடையில் ஏறக்குறைய 11 கிராம். 40 விழுக்காடு விஸ்கி ஒரு பெக், அதாவது 30 மில்லி, எடுத்துக்கொண்டால் அதில் உள்ளது 12 மில்லி. 'ஆப்பிள் ஜூஸ் மாதிரி' என்று நீட்டப்படும் ஒரு டின்னில் ஒரு பெக் விஸ்கியைவிடச் சற்று அதிகமான ஆல்கஹால் இருக்கிறது. விருந்தில் நான்கு டின் குடித்தவர் ஏறத்தாழ ஐந்து பெக் குடித்தவருக்குச் சமம். விஸ்கியின் காரம் தொண்டையில் எச்சரிக்கை செய்யும். சைடரின் இனிப்பு அந்த எச்சரிக்கையைத் தருவதில்லை.

இரண்டாவது கணக்கு சர்க்கரை. ஒரு டின்னில் 100 மில்லிக்கு 8 கிராம் சர்க்கரை என்று போட்டிருந்தால் 320 மில்லிக்கு 25.6 கிராம். சுமார் ஆறு தேக்கரண்டி. உணவில் சேர்க்கும் சர்க்கரையை ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் வைத்துக்கொண்டால் மேலும் நல்லது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஒரே டின்னில் அது முடிந்துவிடும்.

இது நம் சமூகத்துக்குச் சாதாரண விஷயமல்ல. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில், மலேசியப் பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவு இருப்பது தெரியவந்தது. இந்தியர்களிடையே அது மூவரில் ஒருவர் என்ற அளவை நெருங்கியது. இனிப்பு நீருக்கு இன்சுலினோ சில வகை மாத்திரைகளோ எடுப்பவர்களுக்குச் சிக்கல் இரட்டிப்பு. சைடரின் சர்க்கரை இரத்தத்தில் இனிப்பை ஏற்றும். சில மணி நேரம் கழித்து ஆல்கஹால் அதை ஆபத்தான அளவுக்கு இறக்கவும் கூடும். அப்படிப்பட்டவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் இதைத் தொடாமல் இருப்பதே நல்லது.

மூன்றாவது கணக்கு சாலை. 2020ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, வாகனமோட்டியின் 100 மில்லி இரத்தத்தில் ஆல்கஹால் 50 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. முன்பு இது 80ஆக இருந்தது. வரம்பை மீறிப் பிடிபட்டால் முதல் குற்றத்துக்கே 10,000 முதல் 30,000 ரிங்கிட் வரை அபராதமும் சிறையும் காத்திருக்கின்றன. சைடர்தானே குடித்தேன் என்பது சாலைத் தடுப்பில் செல்லாது. 2017 டிசம்பர் 1 முதல் 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மது விற்பதும் தடை செய்யப்பட்டுள்ளது. அந்தத் தடையில் சைடரும் அடங்கும்.

நாக்குக்கு எட்டாதது

நாக்கால் அறவே கண்டுபிடிக்க முடியாத ஒன்றும் உண்டு. 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் கலந்த மதுவைக் குடித்து 30க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மெத்தனாலின் மணமும் சுவையும் சாதாரண ஆல்கஹாலைப் போன்றவை. பார்வை போகும், உயிரும் போகும், ஆனால் குடிக்கும்போது தெரியாது. பெயர் தெரியாத மலிவு மதுவை, வரி முத்திரை இல்லாத புட்டியை, 'சுவை நன்றாகத்தான் இருக்கிறது' என்று நம்பி வாங்குவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு அந்தச் சம்பவம் சான்று.

மதுவின் கணக்கைக் கேட்ட மரபு தோட்டத் தமிழர்களிடம் இருந்திருக்கிறது. 1941ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது, சம்பள உயர்வோடு கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் அவர்களது கோரிக்கையாக இருந்தது. போருக்குப் பிறகு கெடாவில் தொண்டர் படை இளைஞர்கள் கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்தார்கள். சம்பளம் எங்கே போகிறது, வீட்டுக்கு என்ன மிஞ்சுகிறது என்பதே அவர்களது கேள்வி.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு, செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறி, மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்த பிறகு கள்ளுக்கடையின் இடத்தைக் காப்பிக்கடையின் குளிர்பெட்டி பிடித்துக்கொண்டது. கள்ளுக்கடைக்குப் போய் வந்தவர் யார் என்று தோட்டம் முழுவதற்கும் தெரியும். ஆப்பிள் படம் போட்ட டின்னோ கூச்சமில்லாமல் வீட்டுக்குள்ளேயே வந்துவிடுகிறது. குடிக்காதவர்களும், இளையவர்களும் முதலில் கையில் எடுப்பது அதைத்தான்.

ஆகவே சைடரை மதிப்பிட விரும்புபவர் ஒரு தாளில் இரண்டு பத்திகள் போட்டுக்கொள்ளலாம். இடப்பக்கம் நாக்கு தரும் மதிப்பெண், இருபதுக்கு. வலப்பக்கம் டின்னில் உள்ளபடி ஆல்கஹால் எத்தனை கிராம், சர்க்கரை எத்தனை கிராம். ஆல்கஹாலைக் கணக்கிட, மில்லியை விழுக்காட்டால் பெருக்கி 100ஆல் வகுத்து, வந்த விடையை மறுபடி 0.8ஆல் பெருக்கினால் போதும். கிராம் கணக்கு கிடைத்துவிடும். அடுத்த விருந்தில் "ஜூஸ் மாதிரிதான்" என்று யாராவது டின்னை நீட்டும்போது, வாங்குவதா வேண்டாமா என்பதை அந்த வலப்பக்கப் பத்தியைப் பார்த்து முடிவு செய்யலாம்.